புதுச்சேரியின் வண்ண வீதிகளில் சைக்கிளில் ஒரு காலை: முழுமையான வழிகாட்டி

புதுச்சேரிக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் செய்வது இதுதான்: மஞ்சள் சுவர் ஒன்றின் முன் நின்று நாலு படம், கடற்கரையில் ஒரு நடை, புஸ்ஸி வீதியில் ஒரு காபி, அப்புறம் பஸ். அழகான ஊர் என்று திருப்தியாகத்தான் திரும்பிப் போகிறார்கள். ஆனால் அவர்கள் பார்த்தது பழைய ஊரில் பாதிகூட இல்லை. பெரிய வாய்க்காலுக்கு மேற்கே, மரத்தூண் நிற்கும் தாழ்வாரமும் திண்ணையுமாகத் தமிழ்ப் பகுதியும், அதன் தெற்கே முஸ்லிம் வீதிகளும் இருக்கின்றன. புதுச்சேரி என்ற ஊரை உண்மையில் விளங்க வைப்பது அந்தப் பக்கம்தான்.

இரண்டு பக்கத்தையும் ஒரே காலையில் பார்ப்பதற்கு சைக்கிளைவிடப் பொருத்தமான வண்டி இல்லை. நடந்து போனால் வெயில் ஏறும்போது பாதியில் நின்றுவிடுவீர்கள். ஸ்கூட்டரில் போனால் வீடுகளின் முகம் கண்ணில் பதியாது. ஊர் முழுக்கச் சமதளம், மூச்சு வாங்கும் ஏற்றம் ஒன்றும் கிடையாது. கீழே சொல்லும் சுற்று பத்து கிலோமீட்டருக்குள் முடிந்துவிடும். நின்று நின்று பார்த்தால் நான்கு மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள்.

ஊரின் வடிவத்தை முதலில் மனதில் வாங்கிக்கொள்ளுங்கள்

பழைய புதுச்சேரி ஒரு நீள்வட்டம். அதைச் சுற்றி நான்கு சாலைகள்: கிழக்கே கடலை ஒட்டி கூபேர் அவென்யூ, தெற்கே சுப்பையா சாலை, மேற்கே அண்ணா சாலை, வடக்கே சர்தார் பட்டேல் சாலை. இந்த வளையத்துக்குள் வீதிகள் எல்லாம் ஒன்றையொன்று நேர்கோணத்தில் வெட்டும். இப்படிக் கட்டம் போட்டு வரைந்தவர்கள் பிரெஞ்சுக்காரர்கள் அல்ல; 1693 முதல் 1699 வரை ஊரைக் கையில் வைத்திருந்த டச்சுக்காரர்கள். பிரெஞ்சுக்காரர்கள் திரும்பி வந்தபோது அந்த வரைபடத்தையே பின்பற்றினார்கள். 1761இல் ஆங்கிலேயர்கள் ஊரைப் பிடித்து இடித்துத் தள்ளினார்கள். 1765இலிருந்து பழைய வீதிக் கோட்டிலேயே ஊர் மறுபடி எழுந்தது. அதனால் இப்போது நீங்கள் பார்க்கும் வீடுகளில் மிகப் பெரும்பாலானவை அதற்குப் பிற்பட்டவை.

வடக்குத் தெற்காக ஓடும் பெரிய வாய்க்கால் இந்த நீள்வட்டத்தை இரண்டாகப் பிரிக்கிறது. கடலுக்கும் வாய்க்காலுக்கும் இடையில் பிரெஞ்சுக்காரர்கள் இருந்தார்கள்; அந்தப் பகுதியைத்தான் ஒயிட் டவுன் என்பார்கள். மேற்கே தமிழர்கள். பிரெஞ்சு ஆட்சி கைமாறியது 1954 நவம்பர் 1இல், சட்டப்படி முடிந்தது 1962 ஆகஸ்ட் 16இல். வாய்க்கால் மட்டும் அப்படியே இருக்கிறது.

வழி தவறிவிடுமோ என்ற கவலை வேண்டாம். எந்த முனையில் நின்றாலும் கிழக்கே பாருங்கள். வீதியின் கோடியில் வெளிச்சமாகத் தெரிவது கடல். ஒரு விஷயம் மட்டும் தெரிந்திருக்கட்டும்: பல வீதிகளுக்கு இரண்டு பெயர் உண்டு. லால் பகதூர் சாஸ்திரி வீதி என்று பலகையில் இருப்பதை ஊரார் புஸ்ஸி வீதி என்பார்கள். நேரு வீதிதான் பழைய டூப்ளே வீதி. வைசியாள் வீதியின் இன்னொரு பெயர் கல்வே சுப்பராய செட்டி வீதி. செல்போன் வரைபடம் ஒன்று சொல்ல, டீக்கடைக்காரர் வேறொன்று சொன்னால் குழம்ப வேண்டாம், இரண்டும் சரியாகவே இருக்கும்.

நாளும் நேரமும்

டிசம்பர் பின்பாதி முதல் பிப்ரவரி வரை நல்ல காலம். அக்டோபர் கடைசியிலிருந்து டிசம்பர் முதல் பாதி வரை வடகிழக்குப் பருவமழை. மழைவிட்ட மறுநாள் காலை சுவர்களின் நிறம் தனி அழகு என்றாலும் திட்டமிட்டு வருவது கஷ்டம். ஏப்ரல், மே மாதங்களில் ஒன்பது மணிக்கு மேல் சைக்கிள் மிதிப்பது வதைதான்.

வார நாளாகப் பாருங்கள். சனி, ஞாயிறு என்றால் வெளியூர்க் கார்கள் ஒயிட் டவுனின் குறுகிய வீதிகளை அடைத்துக்கொண்டு நிற்கும்; வீட்டு முகப்பு எதையும் முழுதாகப் பார்க்க முடியாது. ஞாயிறு என்றால் காந்தி வீதியில் சண்டே மார்க்கெட் வேறு. அது நடந்து சுற்ற வேண்டிய இடம், சைக்கிளோடு உள்ளே நுழைந்தால் வெளியே வருவது பெரும்பாடு.

காலை ஆறு, ஆறரைக்குக் கிளம்பிவிடுங்கள். வெயில் மட்டும் காரணமல்ல. ஒயிட் டவுனின் நீண்ட வீதிகள் வடக்குத் தெற்காகப் போகின்றன. காலையில் வீதியின் மேற்கு வரிசை வீடுகள்மீது கடற்பக்கத்து ஒளி நேராக விழும். மஞ்சள் சுவரும் அதன்மேல் தொங்கும் காகிதப்பூவும் உயிரோடு தெரிவது அந்த ஒரு மணி, ஒன்றரை மணி நேரம்தான். மாலை நான்கரைக்கு மேல் கிழக்கு வரிசையின் முறை. நடுப்பகலில் எல்லாம் வெளுத்துப்போகும்.

சைக்கிள் எடுக்கும்போது

மிஷன் வீதிப் பக்கமும் ஒயிட் டவுனிலும் வாடகை சைக்கிள் கிடைக்கும். விடியற்காலையில் கடை திறந்திருக்காது, அதனால் முந்தின நாள் மாலையே எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். சில விடுதிகளில் விருந்தினர்களுக்கென்றே சைக்கிள் வைத்திருக்கிறார்கள். அறை எடுக்கும்போதே கேட்டுவிடுங்கள். வாடகை நாள் கணக்கா, மணிக் கணக்கா, எத்தனை மணிக்குள் திருப்ப வேண்டும், அட்வான்ஸ் எவ்வளவு என்பதை முதலில் பேசி முடியுங்கள். அடையாள அட்டைக்கு நகல் கொடுத்தால் போதுமா என்றும் கேளுங்கள்.

கியர் எல்லாம் தேவையில்லை. சாதாரண சைக்கிள் போதும், நிமிர்ந்து உட்கார்ந்து ஓட்டக்கூடியதாக இருந்தால் நல்லது. குனிந்து ஓட்டும் சைக்கிளில் கண் சாலையிலேயே இருக்கும், மாடி ஜன்னல்களைப் பார்க்கவே முடியாது. சீட்டில் உட்கார்ந்து குதிகாலைப் பெடலில் வைத்தால், பெடல் கீழே இருக்கும்போது கால் ஏறக்குறைய நீண்டு நிற்க வேண்டும். அப்படி இல்லையென்றால் சீட்டை ஏற்றி இறக்கித் தரச் சொல்லுங்கள். இரண்டு பிரேக்கையும் தனித்தனியே பிடித்துத் தள்ளிப் பாருங்கள். டயரைக் கட்டைவிரலால் அழுத்தினால் அமுங்கக் கூடாது. பெல் அடிக்கிறதா, பூட்டும் சாவியும் இருக்கிறதா, செயின் கவசத்தில் உரசுகிறதா என்று பாருங்கள். கடைக்கு வெளியே ஒரு சுற்று ஓட்டிப் பார்த்துவிட்டுக் காசு கொடுங்கள்.

கையோடு தண்ணீர், தொப்பி, சில்லறை, துணிப்பை ஒன்று. கோவிலுக்குள்ளும் பள்ளிவாசல் பக்கமும் போகப் போகிறீர்கள் என்பதால் தோளும் முழங்காலும் மூடும் உடை, எளிதில் கழற்றும் செருப்பு.

கிழக்குப் பாதி: கடலிலிருந்து தொடங்குங்கள்

கடற்கரைச் சாலையில் மாலை ஆறு மணி முதல் காலை ஏழரை வரை வண்டிகளுக்கு அனுமதி இல்லை. அந்த நேரம் நடப்பவர்களுக்கு உரியது. சைக்கிளைப் பக்கத்து வீதியில் பூட்டிவிட்டு நடந்து போங்கள். செஞ்சியிலிருந்து கொண்டுவந்த கருங்கல் தூண்களுக்கு நடுவே காந்தி சிலை, முதல் உலகப் போரில் இறந்தவர்களுக்கான பிரெஞ்சு நினைவிடம், 1836இல் விளக்கேற்றிய பழைய கலங்கரை விளக்கம் எல்லாம் ஒன்றுக்கொன்று எட்டும் தூரத்தில் இருக்கின்றன. சூரியன் எழும்பியதும் திரும்பி வந்து சைக்கிளை எடுங்கள்.

முதலில் வடக்குப் பக்கம். மரீன் வீதி, பிரான்சுவா மார்த்தேன் வீதி, செயின்ட் லூயி வீதி. இங்கே சட்டென்று மஞ்சள் குறைந்து வெள்ளை ஓரம் வைத்த சாம்பல் நிறக் கட்டடங்கள் வரிசையாக வரும். அவை அரவிந்தர் ஆசிரமத்தைச் சேர்ந்தவை. ஊரின் நிற வரைபடத்தைப் படிக்க இது முதல் பாடம்: சாம்பல் என்றால் ஆசிரமம் என்று பெரும்பாலும் தைரியமாகச் சொல்லிவிடலாம். அரவிந்தர் 1910இல் இங்கு வந்தார், ஆசிரமம் 1926இல் உருவானது. இந்தப் பகுதியில்தான் கோல்கொண்டா என்ற விடுதிக் கட்டடமும் இருக்கிறது. அந்தோனின் ரேமண்ட் என்ற கட்டடக் கலைஞர் வடிவமைத்தது, 1930களின் பிற்பகுதியில் வேலை தொடங்கியது. இந்தியாவின் ஆரம்பகால நவீனக் கான்கிரீட் கட்டடங்களில் ஒன்று. முகப்பு முழுக்கத் திறந்து மூடும் பலகைகள். காற்று வரும், வெயில் வராது. வெளியே நின்று பார்த்தாலே அந்த யோசனை புரியும்.

மணக்குள விநாயகர் கோவிலும் இங்கேதான். சாம்பலுக்கு நடுவே இப்படி ஒரு வண்ணக் கோபுரம் வருவது கண்ணுக்கே விருந்து. கோவில் வீதியில் கூட்டம் இருக்கும், இறங்கி உருட்டிக்கொண்டு போங்கள். செயின்ட் லூயி வீதியில் பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் இருக்கிறது, 1955இல் தொடங்கியது. அங்குள்ள சைவ ஓலைச்சுவடித் தொகுப்பு 2005இல் யுனெஸ்கோவின் உலக நினைவுப் பதிவேட்டில் இடம்பெற்றது. கடல் பார்த்த அந்த வெள்ளைக் கட்டடத்தைக் கடக்கும்போது இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

பிறகு தெற்கே. பாரதி பூங்காவை ஒரு சுற்றுச் சுற்றுங்கள். நடுவில் வெள்ளை வெளேரென்று இருப்பது ஆயி மண்டபம். தன் மாளிகையைத் தானே இடித்துவிட்டு, அங்கே மக்களுக்குக் குளம் வெட்டிய ஆயி என்ற பெண்ணின் நினைவாக, முத்திரப்பாளையத்திலிருந்து ஊருக்குக் குடிநீர் கொண்டுவந்த மூன்றாம் நெப்போலியன் காலத்தில் எழுப்பியது. புதுச்சேரி அரசின் சின்னத்தில் இருப்பதும் இந்த மண்டபம்தான்.

பூங்காவுக்குத் தெற்கேதான் எல்லோரும் படத்தில் பார்த்த மஞ்சள் வீதிகள்: துமா வீதி, ரோமன் ரோலண்டு வீதி, சுஃப்ரேன் வீதி. மூன்றும் பக்கம்பக்கமாக ஓடுவதால் ஒன்றில் இறங்கி, அடுத்ததில் ஏறி, மூன்றாவதில் மறுபடி இறங்குவது வசதி. ஒருவழிப் பலகைகளைக் கவனித்து ஓட்டுங்கள். நீல நிறத் தகட்டில் வெள்ளை எழுத்தில், பிரெஞ்சிலும் தமிழிலுமாக வீதிப் பெயர் மூலைச் சுவரில் பதித்திருக்கும்.

இங்கே ஓரிடத்தில் இறங்கி, பழைய சுவர் ஒன்றை முழங்கால் உயரத்தில் பாருங்கள். கடற்காற்றின் உப்பும் தரையின் ஈரமும் சேர்ந்து பூச்சை உரித்திருக்கும். உரிந்த விளிம்பில் அடுக்கு அடுக்காக நிறங்கள்: மேலே இன்றைய மஞ்சள், அதன் கீழ் வெளிர்நீலமோ ரோசாவோ, அதற்கும் கீழே வெள்ளை, கடைசியில் சுண்ணாம்புக் காரையும் மெல்லிய செங்கலும். சுண்ணாம்பும் காவிமஞ்சளும் கலந்து அடித்த சுவர் மூச்சுவிடும், உள்ளே வரும் ஈரத்தை வெளியே விடும். அதன்மேல் இன்றைய பிளாஸ்டிக் பெயின்ட் அடித்தால் ஈரம் உள்ளேயே தங்கி, இரண்டு மழைக்குள் பாளம் பாளமாகப் பெயரும். எந்த வீட்டுக்காரர் பழைய முறையில் பராமரிக்கிறார் என்பது சுவரின் கீழ் இரண்டடியிலேயே தெரிந்துவிடும்.

இந்த வீடுகளில் இன்னொன்றையும் கவனியுங்கள். வீதியைப் பார்த்து இருப்பது உயரமான மதிலும் கனத்த வாயிற்கதவும்தான். தோட்டம், நிழல், வராந்தா எல்லாம் உள்ளே. வீதிக்குக் கொடுப்பது நிறமும் காகிதப்பூவும் மட்டும். மேற்கே போனதும் இது தலைகீழாக மாறுவதைப் பார்ப்பீர்கள்.

துமா வீதியிலேயே கப்ஸ் கோவில் என்ற கிறிஸ்தவ தேவாலயம், 1855இல் கட்டியது. வெளியே இளஞ்சிவப்பு, உள்ளே முட்டை வெள்ளைக்கரு சேர்த்துத் தேய்த்த வழவழப்பான சுண்ணாம்புப் பூச்சு. எதிரே சின்னத் தோட்டத்தில் ஜோன் ஆஃப் ஆர்க் சிலை. கடற்கரைச் சாலையின் தென்கோடியில் பிரெஞ்சு ஆளுநராக இருந்த டூப்ளே சிலையாக நிற்கிறார். அங்கிருந்து சுப்பையா சாலையில் மேற்கே திரும்புங்கள்.

வாய்க்காலைத் தாண்டி

சுப்பையா சாலை பெரிய சாலை, பஸ்ஸும் லாரியும் வரும். இடது ஓரமாக, நேர்கோட்டில், அவசரமில்லாமல் ஓட்டுங்கள். வாய்க்காலைத் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் ரயில் நிலையத்துக்கு அருகே சிவப்பும் வெள்ளையுமாக இருதய ஆண்டவர் பசிலிக்கா. 1907இல் திறந்தது. உள்ளே போய்க் கண்ணாடி ஓவியங்கள் வழியே வரும் காலை ஒளியைப் பாருங்கள். சாவகாசமாக உட்காரலாம், பூசை நேரமாக இருந்தால் பின்வரிசையில்.

பிறகு வடக்கே திரும்பி முஸ்லிம் வீதிகளுக்குள் நுழையுங்கள்: காஜியார் வீதி, முல்லா வீதி, அவற்றை வெட்டும் சின்ன வீதிகள். இங்கே பச்சையும் வெள்ளையும் நீலமும் அதிகம். குத்பா பள்ளிவாசலும் மீரான் பள்ளிவாசலும் இந்தப் பகுதியில்தான். வெள்ளிக்கிழமை மதியத்தைத் தவிர்த்துவிடுங்கள். சுற்றுலாக் கூட்டம் எட்டிப் பார்க்காத வீதிகள் இவை, சைக்கிள் மெதுவாகப் போனால் யாராவது ஒருவர் எந்த ஊர் என்று கேட்பார். நின்று பதில் சொல்லுங்கள். பழைய வீடு எது என்று நீங்கள் திருப்பிக் கேட்டால், புத்தகத்தில் இல்லாத பதில் கிடைக்கும்.

புஸ்ஸி வீதியைத் தாண்டியதும் மிஷன் வீதி. சம்பா கோவில் என்று ஊரார் சொல்லும் மாதா பேராலயம் இங்கே, 1791ஆம் ஆண்டுக் கட்டடம். இதன் அருகில்தான் ஒரு காலத்தில் வேதபுரீஸ்வரர் கோவில் இருந்தது. 1748இல் டூப்ளே காலத்தில் அது இடிக்கப்பட்டதை, அவருடைய துபாஷியாக (மொழிபெயர்ப்பாளர், தரகர்) இருந்த ஆனந்தரங்கப் பிள்ளை தம் நாட்குறிப்பில் எழுதி வைத்திருக்கிறார். கோவில் பிற்பாடு ஈஸ்வரன் கோவில் வீதிப் பக்கம் எழும்பியது. வண்ணங்களை ரசித்துக்கொண்டு வரும்போது இதையும் தெரிந்துகொள்ள வேண்டும். இந்த ஊரின் இரு பாதிகளும் எப்போதும் சுமுகமாக இருந்தவை அல்ல.

அந்தப் பிள்ளையின் மாளிகை ரங்கப்பிள்ளை வீதியில், பெரிய மார்க்கெட்டை ஒட்டி இருக்கிறது. 1736 முதல் 1761 வரை அவர் எழுதிய காலத்து வீடு. கீழே மரத்தூணும் முற்றமும், மேலே ஐரோப்பியத் தூண் வரிசை. புதுச்சேரி வீட்டுக் கலவையின் தொடக்கத்தை இந்த ஒரு வீட்டிலேயே பார்த்துவிடலாம். மார்க்கெட்டுக்குள் சைக்கிள் வேண்டாம், வெளியே பூட்டிவிட்டு நடங்கள். பூக்கடை வரிசையின் நிறங்களுக்கு எந்தச் சுவரும் ஈடாகாது. சில்லறையும் துணிப்பையும் இங்கே பயன்படும்.

நேரு வீதியைத் தாண்டி வடக்கே போனால் வைசியாள் வீதி. இந்தச் சுற்றில் ஒரே ஒரு வீதிக்குத்தான் நேரம் இருக்கிறது என்றால் நான் இதைத்தான் சொல்வேன். பழைய முகப்புகளை வரிசையாகச் சீரமைத்த வேலைக்கு 2008இல் யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் மரபுப் பாதுகாப்பு விருது கிடைத்தது.

சைக்கிளை ஸ்டாண்டு போட்டுவிட்டு ஒரு வீட்டைக் கீழிருந்து மேலாகப் பாருங்கள். வீதி ஓரத்தில் மரத்தூண்கள், அவற்றின்மேல் ஓடு வேய்ந்து சரிவாக இறங்கும் தாழ்வாரம். அதன் நிழலில், வீட்டுச் சுவரை ஒட்டித் திண்ணை. வழிப்போக்கர் மழைக்கு ஒதுங்கலாம், வெயிலுக்கு உட்காரலாம். கதவைத் தட்டவே வேண்டாம். இடையில் செதுக்கு வேலைப்பாடுள்ள கதவு. அது திறந்திருந்தால் ரேழியைத் தாண்டி முற்றத்தின் வெளிச்சம் ஒரு சதுரமாகத் தெரியும். இதுவரை முழுத் தமிழ் வீடு. கண்ணை மேலே உயர்த்துங்கள்: வளைவு ஜன்னல்கள், சுவரோடு ஒட்டிய அரைத்தூண்கள், மாடிக் கைப்பிடிச் சுவரில் சின்னத் தூண் வரிசை. மேல்தளம் பிரெஞ்சு. மதில் வைத்து மூடிய கிழக்கு வீடுகளை இப்போது நினைத்துப் பாருங்கள். அங்கே சுவருக்குள் வைத்துக்கொண்ட நிழலை இவர்கள் வீதிக்கே கொடுத்திருக்கிறார்கள்.

இந்தப் பாதியில்தான் பழைய வீடுகள் வேகமாக மறைகின்றன. ஒயிட் டவுன் வீடு விடுதியாகவோ உணவகமாகவோ மாறிச் சம்பாதிக்கிறது. தமிழ்ப் பகுதியில் வீடு பல பங்காளிகளுக்குப் பிரிந்து, ஓட்டை மாற்றக் காசில்லாமல், ஒருநாள் இடிந்து, நான்கு மாடி அடுக்ககமாகிவிடுகிறது. பார்க்க ஆட்கள் வருகிறார்கள் என்பது தெரிந்தால் காப்பாற்ற ஒரு காரணமாவது கூடும். அதனால்தான் சைக்கிளை இந்தப் பக்கம் திருப்பச் சொல்கிறேன்.

அருகிலேயே ஈஸ்வரன் தர்மராஜா கோவில் வீதியில் பாரதியார் வாழ்ந்த வீடு இருக்கிறது. 1908 முதல் 1918 வரை அவர் இந்த ஊரில் இருந்தார். பெருமாள் கோவில் வீதியில் பாரதிதாசன் வீடு. இரண்டும் நினைவு அருங்காட்சியகங்கள். திறந்திருந்தால் உள்ளே போங்கள்; முற்றம் வைத்த தமிழ் வீட்டை உள்ளிருந்து பார்க்க இதைவிட நல்ல வாய்ப்பு கிடையாது.

ஓட்டும்போதும் படம் எடுக்கும்போதும்

கட்டம் போட்ட ஊரின் ஒரே ஆபத்து மூலைகள். ஐம்பது, நூறு மீட்டருக்கு ஒரு நாற்சந்தி வரும். பலவற்றில் சிக்னல் கிடையாது, மதில் மறைப்பதால் குறுக்கே வரும் ஸ்கூட்டரும் தெரியாது. ஒவ்வொரு மூலையிலும் பெல் அடித்து வேகத்தைக் குறையுங்கள். நிற்கும் கார்களிலிருந்து ஒரு கதவு தூரம் தள்ளி ஓட்டுங்கள். பின்னால் திரும்பிப் பார்க்காமல் படம் எடுக்க நிற்காதீர்கள்.

இவை ஆட்கள் குடியிருக்கும் வீடுகள். அடுத்தவர் வாசற்படியில் ஏறி நின்று படம் எடுப்பதும், திண்ணையில் காயும் துணியை நகர்த்துவதும், திறந்த கதவுக்குள் கேமராவை நீட்டுவதும் வேண்டாம். திண்ணையில் பெரியவர் உட்கார்ந்திருந்தால், "ஐயா, வீட்டை ஒரு படம் எடுத்துக்கலாமா?" என்று கேளுங்கள். பெரும்பாலும் சரி என்பார்கள். வேண்டாம் என்றால் அடுத்த வீடு. காலையில் வாசலில் போட்ட கோலத்தின்மேல் சக்கரம் ஏறாமல் சுற்றிப் போங்கள். ஆசிரமத்துக்குள் போனால் பேச்சும் படமும் கூடாது.

திரும்பக் கொடுக்கும் முன்

பத்து, பத்தரைக்குள் பெருமாள் கோவில் வீதிப் பக்கம் சுற்று முடிந்துவிடும். மிஷன் வீதி அங்கிருந்து ஐந்து நிமிடம். நாள் வாடகைக்கு எடுத்திருந்தால் சைக்கிளை உடனே கொடுத்துவிட வேண்டாம். மதியம் ஓய்வெடுத்துவிட்டு, நான்கரைக்கு மேல் காலையில் நிழலில் இருந்த வரிசைகளை மட்டும் பார்க்க ஒரு சின்னச் சுற்றுப் போய் வாருங்கள். வைசியாள் வீதி கிழக்கு மேற்காகப் போவதால் மாலையில் அதன் நீளம் முழுக்க சாய்ந்த ஒளி ஓடும், தாழ்வாரத் தூண்களின் நிழல் ஒவ்வொன்றாகத் தனித்து விழும். ஆறு மணிக்குக் கடற்கரைச் சாலை மறுபடி மூடிவிடும் என்பதால் அந்த வழியே திரும்பத் திட்டமிடாதீர்கள், செஞ்சி சாலை வழியாக வந்துவிடலாம். கடையில் சைக்கிளை விடும்போது அட்வான்ஸும் அடையாள அட்டையும் கையில் வந்துவிட்டதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். பூட்டுச் சாவி பெரும்பாலும் நம் சட்டைப் பையிலேயே தங்கிவிடும்.